கலைத்த பிறகும் இரண்டு கோடு: பொறுப்பதா, ரத்தம் கொடுப்பதா, ஸ்கேனுக்கு ஓடுவதா?

ஒரு லேபின் முன்மேஜையில் ஆறு வருடம் உட்கார்ந்திருந்தேன். பில் போடுவது, ரிப்போர்ட்டைக் கவரில் போட்டுக் கொடுப்பது, இதுதான் வேலை. மருத்துவப் படிப்பு எனக்குக் கிடையாது. ஆனால் கைப்பையின் உள்ஜிப்பைத் திறந்து, பேப்பரில் சுற்றிய பிரெக்னன்சி கார்டை மேஜையோரம் வைத்து, "அக்கா, மாத்திரை போட்டு ஒன்பது நாள் ஆச்சு. இன்னும் ரெண்டு கோடு வருது. என்ன டெஸ்ட் எடுக்கணும்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்ட பெண்கள் நிறையப் பேர். சிலர் கணவரோடு வருவார்கள், சிலர் தோழியோடு, பெரும்பாலும் தனியாக.

பின்னால் பத்துப் பேர் டோக்கனோடு நிற்கும்போது இதற்கெல்லாம் விளக்கம் சொல்ல முடியாது. "டாக்டரைப் பாருங்கம்மா" என்று அனுப்பிவிடுவேன். அப்போது சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

## முதலில் ஒரு விஷயம்

கீழே வரும் ஒப்பீடு எல்லாம் உட்கார்ந்து யோசிக்க நேரம் இருப்பவர்களுக்கு. பின்வரும் நிலையில் இருப்பவர்கள் படிப்பதை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். தமிழ்நாட்டில் 108-ஐக் கூப்பிடலாம்.

தடிமனான நாப்கின் இரண்டு ஒரே மணி நேரத்தில் நனைகிறது, அதுவே அடுத்த மணி நேரமும் தொடர்கிறது. அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் குத்துகிறது, கூடவே தோள்பட்டை நுனியில் வலி, தலைச்சுற்றல், கண் இருட்டுதல். மாத்திரை வைத்து ஒரு நாள் கழிந்த பிறகும் 38 டிகிரிக்கு மேல் (பழைய கணக்கில் 100.4) காய்ச்சல். கெட்ட வாடையோடு வெள்ளைப்படுதல். இதில் எது இருந்தாலும் கார்டில் எத்தனை கோடு என்பது முக்கியமே இல்லை. ஒரே கோடு வந்தாலும் போக வேண்டியதுதான்.

## அந்தக் கோடு எதைப் பார்க்கிறது?

கார்டு கருவைப் பார்ப்பதில்லை. கர்ப்பத்தில் நஞ்சுத் திசு சுரக்கும் எச்சிஜி என்ற ஹார்மோன் சிறுநீரில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. கரு வெளியேறிவிட்டாலும் ரத்தத்தில் ஏற்கெனவே கலந்த ஹார்மோன் உடனே மறைந்துவிடாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வடியும்.

எவ்வளவு நாளில் வடியும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. நம் மருந்துக்கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் கார்டு, 25 யூனிட் அளவு ஹார்மோன் இருந்தாலே கோடு காட்டிவிடும். எட்டு வாரக் கர்ப்பத்தில் ஒருவருக்கு 80,000 யூனிட் இருந்ததாக வைத்துக்கொள்வோம். அது பாதியானால் 40,000, மறுபடி பாதியானால் 20,000. இப்படிப் பன்னிரண்டு முறை பாதியானால்தான் 25-க்குக் கீழே வரும். முதல் சில நாட்களில் ஒன்று ஒன்றரை நாளுக்கு ஒருமுறை பாதியாகும். அப்புறம் வேகம் குறைந்துவிடும். ஆக மூன்று வாரம், நாலு வாரம், சிலருக்கு அதற்கும் மேல். ஐந்து வாரத்திலேயே கலைத்த ஒருவருக்கு 3,000 யூனிட் இருந்திருந்தால் ஏழு முறை பாதியானால் போதும். அவருக்குக் கோடு சீக்கிரம் மறையும்.

ஒன்பதாவது நாள் கார்டு ஏன் பதில் சொல்லாது என்று இப்போது புரிந்திருக்கும். 80,000 யூனிட் 16,000-ஆக இறங்கிவிட்டால் அது நல்ல செய்தி, ஐந்தில் நாலு பங்கு போய்விட்டது. ஆனால் 16,000-க்கும் கார்டு பளிச்சென்று இரண்டு கோடுதான் காட்டும். கலைப்பு முடிந்தவருக்கும் முடியாதவருக்கும் அன்றைக்கு ஒரே கார்டுதான்.

## பாசிட்டிவ் என்றால் என்னவெல்லாம் இருக்கலாம்?

பெரும்பாலும் வடியாமல் மிச்சமிருக்கும் ஹார்மோன்தான். முதலில் போடும் மிஃபெப்ரிஸ்டோன், அடுத்து வைக்கும் மிசோப்ரோஸ்டால் என்ற இரண்டு கலைப்பு மாத்திரைகளையும் சரியான வாரத்தில், சரியான முறையில் எடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் கலைப்பு முழுமையாகிவிடும். கர்ப்பம் அப்படியே தொடர்வது நூற்றில் ஒருவருக்கு அல்லது அதற்கும் குறைவாக. மருத்துவமனையில் உறிஞ்சி எடுக்கும் முறையில் அது இன்னும் அபூர்வம்.

அடுத்தது, திசு கொஞ்சம் உள்ளே தங்கியிருப்பது. ரத்தப்போக்கு குறைந்து, திரும்ப அதிகமாகி, கட்டி கட்டியாகப் போய், வயிற்று வலியும் விட்டு விட்டு வரும்.

மூன்றாவது, கர்ப்பம் தொடர்வது. மாத்திரை வைத்தும் ரத்தம் சரியாகவே போகவில்லை, வாந்தியும் மார்பு வலியும் ஒரு வாரம் கழித்தும் குறையவில்லை என்றால் இதைச் சந்தேகிக்க வேண்டும். இங்கே தாமதம் நல்லதல்ல. மிசோப்ரோஸ்டால் பட்ட கரு தொடர்ந்து வளர்ந்தால் முக நரம்பிலோ கை கால் வளர்ச்சியிலோ குறை வரும் வாய்ப்பு உண்டு. சின்ன வாய்ப்புதான், ஆனால் உண்மையான வாய்ப்பு. மனம் மாறி கர்ப்பத்தைத் தொடர நினைப்பவரும் இதை டாக்டரிடம் மறைக்கக்கூடாது.

நாலாவது, எனக்கு எப்போதும் பயம் தருவது: கருக்குழாய்க் கர்ப்பம். கரு கர்ப்பப்பைக்கு வெளியே, குழாயில் தங்கியிருந்தால் கலைப்பு மாத்திரை அதை ஒன்றும் செய்யாது. மாத்திரையால் கொஞ்சம் ரத்தம் போகும், "சரி, முடிந்தது" என்று பெண் நினைத்துக்கொள்வார், உள்ளே குழாய் வெடிக்கும் வரைக்கும் தெரியாது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்த பிறகும் கர்ப்பம் நின்றவர்கள், காப்பர்-டி இருக்கும்போதே நின்றவர்கள், முன்பு ஒருமுறை குழாய்க் கர்ப்பம் வந்தவர்கள் இதை முதல் சந்தேகமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். பெண்கள் ஆபரேஷன் அதிகம் நடக்கும் தமிழ்நாட்டில் இது முக்கியம். "ஆபரேஷன் பண்ணியும் நின்னுடுச்சே" என்ற வெட்கத்தில் யாரிடமும் காட்டாமல் மாத்திரை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஐந்தாவதைப் பலர் யோசிப்பதே இல்லை: புதுக் கர்ப்பம். மாத்திரைக் கலைப்புக்குப் பிறகு எட்டு, பத்து நாளிலேயே அடுத்த கருமுட்டை வெளிவந்துவிடலாம். மாதவிலக்கு வரும்வரை பயமில்லை என்று நினைப்பது தப்புக்கணக்கு.

கடைசியாக, அபூர்வமான ஒன்று: முத்துப்பிள்ளை என்று நம் ஊரில் சொல்லும் மோலார் கர்ப்பம். இதில் ஹார்மோன் குறையாமல் நிற்கும், அல்லது குறைந்து திரும்ப ஏறும். வாரக்கணக்கில் ரத்தப் பரிசோதனை தேவைப்படும்.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

லேபுக்கு வருபவர்கள் முதலில் விலையைத்தான் கேட்பார்கள். விலை கடைசிக் கேள்வி. அதற்கு முன்னால் நாலு கேள்வி இருக்கிறது.

இன்றைக்கு எத்தனையாவது நாள்? மிசோப்ரோஸ்டால் வைத்த நாளிலிருந்து, அல்லது ஆஸ்பத்திரியில் எடுத்த நாளிலிருந்து எண்ணுங்கள்.

கலைப்புக்கு முன் ஸ்கேன் எடுத்தீர்களா? அதில் கரு கர்ப்பப்பைக்குள் இருப்பதாக எழுதியிருந்ததா? எழுதியிருந்தால் குழாய்க் கர்ப்பம் என்ற பயம் பெரும்பாலும் போய்விடும். ஸ்கேன் இல்லாமல் கடையில் மாத்திரை வாங்கியவருக்கு அந்தக் கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது.

ரத்தம் எப்படிப் போனது? மாத்திரை வைத்து 24 மணி நேரத்துக்குள் மாதவிலக்கைவிட அதிகமாக, வலியோடு, கட்டியாகப் போனதா? அல்லது திட்டுத்திட்டாகவா?

கர்ப்பக் குறிகள் குறைந்தனவா? காபி வாசனைக்கு வந்த குமட்டல் போனதா, மார்பின் கனம் இறங்கியதா? இதை அற்பமாக நினைக்காதீர்கள். "எனக்குக் கர்ப்பம் போன மாதிரிதான் இருக்கு" என்று ஒரு பெண் சொல்வதை டாக்டர்களும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்.

இதற்குப் பிறகுதான் செலவு, போய்வரும் தூரம், வீட்டில் யாருக்குத் தெரியலாம், யாருக்குத் தெரியக்கூடாது என்பதெல்லாம்.

## வழி 1: பொறுத்திருந்து, நாள் பார்த்து வீட்டு கார்டு

ரத்தம் நன்றாகப் போயிருக்கிறது, குமட்டல் நின்றுவிட்டது, முன்பே எடுத்த ஸ்கேனில் கரு கர்ப்பப்பைக்குள்தான் இருந்தது என்றால் இதுதான் சிறந்த வழி. சிக்கலில்லாத மாத்திரைக் கலைப்புக்குப் பிறகு, எதற்குப் பயப்பட வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் கட்டாயப் பின்பரிசோதனை தேவையில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடும். நம் நாட்டு அரசு வழிகாட்டுதல் பதினைந்தாம் நாள் ஒருமுறை வந்து காட்டச் சொல்கிறது. போக முடிந்தால் போய்விடுங்கள். அந்தச் சந்திப்பில் பெரும்பாலும் கேள்வி கேட்பார்கள், வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

கார்டை எப்போது வாங்குவது? மூன்று வாரத்துக்கு முன்னால் வேண்டாம். நாலு வாரம் ஆனால் இன்னும் நல்லது. பிரிட்டனில் இதற்கென்றே மந்தமான கார்டு தருகிறார்கள். ஹார்மோன் 1,000 யூனிட்டுக்கு மேல் இருந்தால்தான் அது கோடு காட்டும், அதனால் வடிந்துகொண்டிருக்கும் மிச்சத்தைப் பார்த்து மிரளாது. நம் கடையில் கேட்டால் கிடைப்பது ப்ரெகா நியூஸ், ஐ-கேன் மாதிரிக் கூர்மையான கார்டுகள். நாள் தள்ளிப்போன அன்றே கண்டுபிடிக்கச் செய்தவை அவை. கலைப்புக்குப் பின் அந்தக் கூர்மையே தொந்தரவு.

கார்டு விலை ஐம்பதிலிருந்து நூறு ரூபாய்க்குள். ஆனால் ஒன்றோடு நிற்பவர்கள் குறைவு. ஐந்தாம் நாள் ஒன்று, ஏழாம் நாள் ஒன்று, கோடு மங்குகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க இன்னொன்று. கோட்டின் அழுத்தத்தை வைத்து ஹார்மோன் அளவை யூகிக்க முடியாது. காலைச் சிறுநீர் அடர்த்தியாக இருந்தால் அழுத்தமாக வரும், இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் பார்த்தால் மங்கலாக வரும். உறையில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கு முடிந்து வெகுநேரம் கழித்துப் பார்த்தால், காய்ந்த ஈரம்கூடக் கோடு மாதிரி தெரியும். குப்பைக்கூடையிலிருந்து எடுத்துத் திரும்பப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே வந்த ஒரு பெண்ணை எனக்கு நினைவிருக்கிறது.

இந்த வழியின் பெரிய செலவு பணமில்லை, காலம். கர்ப்பம் உண்மையிலேயே தொடர்ந்துகொண்டிருந்தால், எட்டாம் வாரத்தில் மாத்திரை போட்டவர் நாலு வாரம் காத்திருந்து பார்க்கும்போது பன்னிரண்டாம் வாரத்தில் நிற்பார். அதனால்தான் மேலே சொன்ன கேள்விகள் முக்கியமாகின்றன. பதில் சரியாக இல்லாதவருக்குப் பொறுமை ஒத்துவராது.

நாலு வாரத்திலும் மங்கலான கோடு வருகிறது, உடம்பில் வேறு தொந்தரவு இல்லை என்றால் அதுவும் மிச்சமாகவே இருக்கலாம். சிலருக்கு ஆறு, எட்டு வாரம்கூட இழுக்கும். ஆனால் நாலு வாரத்துக்குப் பிறகு அதை வீட்டில் வைத்தே யூகிக்க வேண்டாம், காட்டிவிடுங்கள்.

## வழி 2: பீட்டா எச்சிஜி, அதுவும் இரண்டு முறை

எங்கள் மேஜையில் அதிகம் விற்றதும் இதுதான், அதிகம் குழப்பியதும் இதுதான்.

ரத்தத்தில் ஹார்மோன் எவ்வளவு என்று எண்ணாகவே சொல்லிவிடும். கார்டு "உண்டு, இல்லை" என்று நிறுத்திக்கொள்ளும் இடத்தில் இது "எவ்வளவு" என்கிறது. ஆனால் ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. 9,000 என்று வருகிறது. அது 90,000-லிருந்து இறங்கிவந்த 9,000-ஆ, 4,000-லிருந்து ஏறிவந்த 9,000-ஆ? ரிப்போர்ட்டுக்குத் தெரியாது.

இதைவிட மோசம், ரிப்போர்ட்டின் அடியில் அச்சாகும் அட்டவணை. வாரம் 5, வாரம் 6, வாரம் 7 என்று போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே இயல்பான அளவு இருக்கும். அது கர்ப்பிணிகளுக்கான அட்டவணை. கலைத்துப் பத்து நாள் ஆன பெண் அதில் 9,000-ஐத் தேடி, விரலை ஆறாம் வாரத்தில் வைத்து, "அக்கா, அப்போ எனக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கா?" என்று கேட்பார். கவரை ஒட்டுவதற்கு முன் அந்தப் பகுதியை மடித்துவிடலாமா என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

சரியாகப் பயன்படுத்தினால் இதைப் போல நிம்மதி தரும் பரிசோதனை வேறில்லை. கலைப்பதற்கு முன் எடுத்த பீட்டா அளவு கையில் இருந்தால், மாத்திரை தொடங்கி ஒரு வாரம் கழித்து ஒன்று எடுத்தால் போதும். ஐந்தில் நாலு பங்கோ அதற்கு மேலோ குறைந்திருந்தால் கலைப்பு ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். முந்தைய அளவு இல்லாதவர்கள், பெரும்பாலோர் இவர்கள்தான், 48 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை கொடுக்க வேண்டும். நன்றாக இறங்கினால் மூச்சு விடலாம். ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று ஏறினால் வளரும் கர்ப்பம், பழையதோ புதியதோ. ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் தயங்கி நின்றால் அதுதான் கவனிக்க வேண்டியது. தங்கிய திசுவாக இருக்கலாம், குழாய்க் கர்ப்பமாகவும் இருக்கலாம். அங்கிருந்து அடுத்த படி ஸ்கேன்.

மறைந்திருக்கும் செலவுகளையும் சொல்லிவிடுகிறேன். ஒரு முறைக்குச் சில நூறு ரூபாய், பெரிய லேப்களில் ஆயிரத்தைத் தொடும். அது இரண்டு முறை. இரண்டையும் ஒரே லேபில் கொடுக்க வேண்டும், ஏனென்றால் மிஷினுக்கு மிஷின் எண் கொஞ்சம் மாறும். "அங்கே ஆஃபர் இருக்கு" என்று இரண்டாவதை வேறு இடத்தில் கொடுத்தால் ஒப்பிடுவது சிரமம். ரிப்போர்ட் போகும் போன் நம்பரையும் யோசித்துக் கொடுங்கள். கணவர் நம்பர், மாமியார் வீட்டு வாட்ஸ்அப் என்று கொடுத்துவிட்டு, பிறகு "அதை அனுப்பிடாதீங்க" என்று ஓடிவந்தவர்கள் உண்டு. நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று முதலிலேயே சொன்னால் எந்த லேபும் மறுக்காது.

ஹார்மோன் எங்கிருந்து வருகிறது என்பதை இந்தச் சோதனை சொல்லாது. அளவு இறங்கிக்கொண்டே இருக்கும் குழாய்க் கர்ப்பமும் உண்டு. ஒரு பக்க வலி இருப்பவர், எண் குறைகிறதே என்று வீட்டில் உட்காரக்கூடாது.

## வழி 3: ஸ்கேன்

கர்ப்பம் தொடர்கிறதா, கரு கர்ப்பப்பைக்குள் இருந்ததா வெளியே இருந்ததா என்ற இரண்டு கேள்விக்கும் நேரடியாகப் பதில் சொல்வது ஸ்கேன் மட்டும்தான். ஆகவே ரத்தமே சரியாகப் போகாதவர், குமட்டல் நிற்காதவர், முன்பு ஸ்கேன் எடுக்காமல் மாத்திரை போட்டவர், ஆபரேஷனுக்குப் பிறகு கர்ப்பம் நின்றவர், இவர்கள் கார்டிலும் பீட்டாவிலும் பணத்தைச் செலவழிக்காமல் டாக்டரைப் பார்த்து நேரே இங்கே வந்துவிடலாம். ஆரம்ப வாரங்களில் வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதைவிட உள்வழியாகப் பார்ப்பது தெளிவாகத் தெரியும். சங்கடம்தான், சில நிமிடம்தான்.

ஆனால் தேவையில்லாத நேரத்தில் எடுத்த ஸ்கேன் ஒரு வம்பை இழுத்துவரும். கலைப்புக்குப் பிந்தைய முதல் நாட்களில் கர்ப்பப்பைக்குள் ரத்தக்கட்டிகளும் கலங்கிய திசுவும் இருப்பது இயல்பு. மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் எடுத்தால் ரிப்போர்ட்டில் "உள்படலம் தடித்திருக்கிறது, மிச்சம் இருக்கலாம்" என்று எழுதிவிடுவார்கள். எழுதியவர் மேல் தப்பில்லை, தெரிந்ததை எழுதுகிறார். அதைப் பார்த்துப் பயந்து, "சுத்தம் பண்ணிடுங்க" என்று பெண்ணோ வீட்டாரோ சொல்லிவிடுகிறார்கள். என் தோழி ஒருத்திக்கு இப்படித்தான் ஆனது. ரத்தம் குறைந்து, வலி நின்று, அவள் நன்றாகத்தான் இருந்தாள். நாலாம் நாள் ஸ்கேன், அன்றைக்கே அட்மிஷன். உள்படலம் இத்தனை மில்லிமீட்டர் என்பதை மட்டும் வைத்துச் சுரண்ட வேண்டியதில்லை, ரத்தப்போக்கையும் வலியையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பதை அவள் பிறகு போய்ப் பார்த்த டாக்டர் சொல்லித்தான் நானும் தெரிந்துகொண்டேன்.

அவசரமில்லாதவர்கள் பத்து, பதினாலு நாள் கழித்து எடுத்தால் ஸ்கேனும் தெளிவாகப் பேசும்.

தனியாரில் ஸ்கேன் ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், சென்னையில் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை போன்ற இடங்களிலும் இலவசம், காத்திருக்கும் நேரம்தான் விலை. ஸ்கேன் சென்டரில் 'ஃபார்ம் எஃப்' என்று ஒன்றை நிரப்பச் சொல்வார்கள். பெயர், முகவரி, எத்தனை குழந்தை என்றெல்லாம் கேட்கும். பலர் இதைப் பார்த்ததும் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று நடுங்குகிறார்கள். பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994-ஆம் வருடச் சட்டத்துக்கான படிவம் அது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் உள்ளது. ஸ்கேன் எதற்காக என்று அதில் வரும் பட்டியலிலேயே கலைப்புக்குப் பின் பார்ப்பதும், கலைப்பு தோற்றதாகச் சந்தேகப்படுவதும் காரணங்களாக அச்சிடப்பட்டிருக்கின்றன. அந்த வரியில் ஒரு டிக், அவ்வளவுதான்.

## வழி 4: எதுவும் பார்க்காமல் "கிளீன்" பண்ணிவிடுவது

இதை ஒரு வழியாக எழுதவே மனமில்லை. ஆனால் "எதுக்கு வம்பு, ஒரேயடியா டி அண்ட் சி பண்ணிடலாம்" என்று சொல்கிற குடும்பங்கள் இருப்பதால் எழுதுகிறேன்.

கார்டில் கோடு வந்தது என்பது மட்டுமே காரணமென்றால் வேண்டாம். சுத்தம் செய்த மறுநாளும் கார்டு பாசிட்டிவ்தான் காட்டும், ஹார்மோன் அதே வேகத்தில்தான் வடியும். மயக்க மருந்து, ஒரு நாள் அட்மிஷன், சில ஆயிரங்கள், கிருமி தொற்றும் வாய்ப்பு எல்லாம் மிச்சம். திரும்பத் திரும்பச் சுரண்டினால் கர்ப்பப்பையின் உள்சுவர் ஒட்டிக்கொண்டு, பின்னால் குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போது தொந்தரவு தரலாம்.

திசு தங்கி, ரத்தம் நிற்காமல் போகிறவருக்கும் கர்ப்பம் தொடர்கிறவருக்கும் இது தேவைப்படும். அப்போதும் கூர்மையான கரண்டியால் சுரண்டுவதைவிட உறிஞ்சி எடுக்கும் முறையைத்தான் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. "எம்விஏ பண்ணுவீங்களா டாக்டர்?" என்று கேளுங்கள். கைக்கருவியால் உறிஞ்சி எடுப்பதைத்தான் எம்விஏ என்பார்கள். பெயர் சொல்லிக் கேட்டால் விவரம் தெரிந்தவர் என்று எடுத்துக்கொள்வார்கள். கொஞ்சமாகத் திசு தங்கி, காய்ச்சலும் அதிக ரத்தப்போக்கும் இல்லையென்றால் இன்னொரு வேளை மிசோப்ரோஸ்டாலோ, தானாக வெளியேறக் காத்திருப்பதோ போதுமா என்றும் கேட்கலாம். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கடையில் இன்னொரு கிட் வாங்கி நீங்களாகவே போட்டுக்கொள்ளாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் போடும் இரண்டாவது கிட், குழாய்க் கர்ப்பத்தை இன்னும் சில நாள் மறைத்துவைக்கும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | வீட்டு கார்டு | பீட்டா எச்சிஜி (இரண்டு முறை) | ஸ்கேன் |
|---|---|---|---|
| எப்போது எடுத்தால் அர்த்தம் | 3 முதல் 4 வாரம் கழித்து | 1 வாரத்திலிருந்து | சந்தேகம் இருந்தால் உடனே, இல்லையென்றால் 10–14 நாள் கழித்து |
| எதற்குப் பதில் சொல்லும் | ஹார்மோன் தீர்ந்ததா | ஏறுகிறதா, இறங்குகிறதா | கர்ப்பம் தொடர்கிறதா, எங்கே இருக்கிறது |
| எங்கே ஏமாற்றும் | முதல் வாரங்களில் பெரும்பாலோருக்கும் பாசிட்டிவ் | ஒற்றை எண், கர்ப்பிணி அட்டவணை | முதல் நாட்களில் ரத்தக்கட்டியை மிச்சமாகக் காட்டும் |
| செலவு | 50–100 ரூபாய் | சில நூறு, இரண்டு முறை | ஏறத்தாழ ஆயிரம். அரசில் இலவசம் |
| மறைந்த செலவு | காத்திருக்கும் வாரங்கள் | இரண்டு நாள் பதைப்பு, ரிப்போர்ட் யார் போனுக்குப் போகிறது | தேவையில்லாத "கிளீன்" |

ஒரு முறை நெகட்டிவ் ஆகி, சில வாரம் கழித்துத் திரும்பப் பாசிட்டிவ் வந்தால் இந்த அட்டவணைக்கே வேலை இல்லை. அது புதுக் கர்ப்பமாகத்தான் பெரும்பாலும் இருக்கும், அபூர்வமாக மோலார். பீட்டாவும் ஸ்கேனும் இரண்டுமே வேண்டும். நெகட்டிவ் வந்த நாளை எங்கேயாவது குறித்துவைக்கச் சொல்வது இதற்காகத்தான். கலைப்பு முடிந்ததும் கருத்தடை மாத்திரை, காப்பர்-டி, அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடும் அந்தரா ஊசி என்று ஏதாவது ஒன்றைத் தொடங்கிவிட்டால் இந்தத் தலைவலியே வராது.

## டாக்டரிடம் போவதற்குத் தயங்குகிறவர்களுக்கு

மேஜைக்கு வந்து கிசுகிசுத்த பெண்களில் பாதிப் பேர் டெஸ்ட்டைத் தேடி வரவில்லை, டாக்டரைத் தவிர்க்க வந்தார்கள். கல்யாணம் ஆகாதவர், கடையில் சீட்டு இல்லாமல் மாத்திரை வாங்கியவர், "திட்டுவாங்க" என்று பயந்தவர்.

திட்டு விழுவதில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சில இடங்களில் விழும். ஆனால் 1971-ஆம் வருடச் சட்டம் சொல்லும் நிபந்தனைகளுக்குள் இந்தியாவில் கருக்கலைப்பு சட்டப்படியானதுதான். 2021 திருத்தத்தில் "கணவர்" என்று இருந்த இடத்தில் "துணை" என்று மாற்றினார்கள். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், இருபது வாரத்துக்கு மேல் இருபத்துநாலு வாரம் வரையுள்ள அனுமதியிலும் கல்யாணம் ஆகாதவர்களை ஒதுக்க முடியாது என்று சொன்னது. கலைப்புச் செய்துகொண்ட பெண்ணின் பெயரை வெளியே சொன்னால் சொன்னவருக்கு ஒரு வருடம் வரை சிறை. வயது வந்த பெண்ணுக்கு அவருடைய சம்மதம் மட்டும் போதும், கணவர் கையெழுத்து சட்டத்தில் இல்லை. முதலில் போனில் கேட்டுத் தெரிந்துகொள்ள நினைத்தால் தமிழ்நாட்டில் 104 இருக்கிறது.

போகும்போது ஒரு துண்டுக் காகிதத்தில் இதை எழுதிக்கொண்டு போங்கள்: கடைசி மாதவிலக்கின் முதல் நாள், முதல் மாத்திரை போட்ட தேதி, மிசோப்ரோஸ்டால் வைத்த தேதியும் எத்தனை மாத்திரை என்பதும், ரத்தம் தொடங்கிய நேரம், எத்தனை நாள் போனது, குமட்டல் எப்போது நின்றது, இதுவரை எடுத்த டெஸ்ட்டுகளும் தேதிகளும். மாத்திரை அட்டை இருந்தால் அதையும். வாயால் சொல்லத் தயங்கினால் காகிதத்தை மேஜையில் வைத்துவிடுங்கள், அவர் படித்துக்கொள்வார்.